60 வருஷ ஓட்டுக் கட்டடம், கையில் 8 லட்சம்: பாலக்கோடு பக்கம் ஒன்றியப் பள்ளிக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

#1 ஏரிமேட்டான்

வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. இப்போது 120 பிள்ளைகள் படிக்கிறார்கள். முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் 8 லட்சம் உறுதியாகியிருக்கிறது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெங்களூரு, ஓசூர், திருப்பூர். இருவர் அமெரிக்காவில், அதில் ஒருவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்.

நிலவரம்:

ஓட்டுக் கட்டடம் உள்ளளவு 60-க்கு 20 அடி. கருங்கல் சுவர், மங்களூர் ஓடு. நாலைந்து இடத்தில் ஒழுகுகிறது, இரண்டு வருஷமாகப் பூட்டு. 1990-களில் கட்டிய கான்கிரீட் கட்டடம் இரண்டு ரூம். சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது, அதில்தான் வகுப்பு நடக்கிறது. கழிவறை இருக்கிறது, தண்ணீர் இல்லை. குடிக்க, சமைக்க எல்லாம் போர் தண்ணீர். காம்பவுண்டு இரண்டு பக்கம் திறந்து கிடக்கிறது.

குழுவில் மூன்று கட்சி. ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போடலாம் என்பவர்கள், ஸ்மார்ட் கிளாஸ் வேண்டும் என்பவர்கள், பெயிண்ட் அடித்து ஆண்டு விழா வைக்கலாம் என்பவர்கள். வேலை தெரிந்தவர்கள் வரிசை சொல்லுங்கள்.

#2 கோப்புக்கட்டு

பணத்தைத் தொடாதீர்கள். முதலில் மூன்று காகிதம்.

ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. தலைமையாசிரியர் வாய்வழியாகச் சரி என்றால் போதாது. வட்டார வளர்ச்சி அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் ஓட்டைக்கூட இறக்க முடியாது. (உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறையிடம் போக வேண்டியிருக்கும். பல குழுக்கள் இங்கேயே வழி தவறி ஆறு மாதம் அலைகின்றன.)

முதல் காகிதம், பூட்டிய கட்டடத்தின் நிலைச் சான்று. திருநெல்வேலியில் 2021 டிசம்பரில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் ஓட்டுக் கட்டடம் 'இடிக்கப்பட வேண்டியது' என்று ஏறியிருந்தால், நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். ஏறவில்லை என்றால் ஒன்றியப் பொறியாளரை அழைத்துப் பார்வையிட வைத்து, பழுதுபார்க்கத் தக்கது என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலோ வேறு எதிலோ இந்தப் பள்ளிக்கு வகுப்பறை ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அரசு கட்டித்தரப் போகிற ஒன்றுக்கு நீங்கள் சிமெண்ட் இறக்கி வைத்திருப்பீர்கள்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பெங்களூரிலிருந்து வருகிற முன்னாள் மாணவர்களுக்கு வாசல் அழகு தெரியும். கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது அந்த அம்மாக்களுக்குத்தான் தெரியும். காலனிப் பக்கத்துப் பெற்றோர் கையெழுத்தும் தீர்மானத்தில் இருக்கட்டும். ஒரே தெருக்காரர்களின் வேலை என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் எது செய்தாலும் சண்டைதான்.

#3 வரவுசெலவு

பணம் எந்தப் பாதையில் போகலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' 2022 டிசம்பரில் தொடங்கிய அரசு ஏற்பாடு. தலைமையாசிரியர் தேவைப் பட்டியலை ஏற்றுவார், நீங்கள் பள்ளியையும் வேலையையும் தேர்ந்து பணம் கட்டலாம். பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பேரில் நாலு பள்ளி இருக்கிற மாவட்டம் இது.

நமக்கு நாமே திட்டம் இன்னொரு வழி. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதி அரசு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புப் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். உங்கள் 8 லட்சம் மூன்றில் ஒரு பங்கானால் 24 லட்சத்துக்கு வேலை. ஆனால் ஒதுக்கீடு, மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் உண்டு; கோடை விடுமுறைக்குள் முடியும் என்று கனவு காணாதீர்கள். பாதியோ அதற்கு மேலோ நீங்களே போட்டால் வேலையை நீங்களே எடுத்துச் செய்ய விதியில் இடம் உண்டு.

சொந்தச் சங்கம் வைப்பதென்றால் 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் போதும். ஆனால் பதிவு செய்ததும் 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வருமான வரிக் கழிவு) வந்துவிடாது, அதற்கு வருமான வரித் துறையில் தனிப் பதிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே கிடையாது. இதைச் சொல்லாமல் 'வரி விலக்கு உண்டு' என்று குழுவில் போடுவார்கள். மார்ச் மாதம் அத்தனை பேரும் ரசீது கேட்டு வருவார்கள்.

அமெரிக்கா விஷயம்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்பும் சொந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை அல்ல, வாங்கலாம். குடியுரிமை மாறியவர், ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு இல்லாத சங்கம் அவரிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது கையில் ரூபாயாகக் கொடுத்தாலும் அதேதான்.

#4 சின்னாறு

ஸ்மார்ட் போர்டும் கூரையும் காத்திருக்கட்டும். போர் தண்ணீரை முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள். இது தர்மபுரி, நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை உள்ள மாவட்டம்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், புதிது. கண்ணாடி வேண்டாம், ஃப்ளோரைடு அளவு மாறும். மோட்டாரை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிப் பிடியுங்கள். மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. பிள்ளைகளின் முன்பல்லில் காவிப் பட்டை தெரிந்தால் அது பல் விளக்காததால் வந்ததில்லை.

காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். கேண்டில் ஃபில்டர், யூவி விளக்கு எதுவும் இதற்கு ஆகாது. ஆக்டிவேட்டட் அலுமினா பிடிக்கும், ஆனால் அதை அவ்வப்போது காஸ்டிக் சோடா விட்டுப் புதுப்பிக்க வேண்டும், பள்ளியில் யார் செய்வார்? மிஞ்சுவது ஆர்.ஓ. இல்லையென்றால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். அந்தத் திட்டமே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளோரைடுக்காக வந்தது, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஊராட்சித் தொட்டிக்கு அந்தத் தண்ணீர் வருகிறதென்றால் அங்கிருந்து பள்ளிக்கு ஒரு குழாய் இழுப்பதுதான் எல்லாவற்றையும்விடச் சிக்கனம். ஊராட்சிக்கு ஒரு மனு, சில நூறு அடி குழாய், ஒரு தொட்டி.

எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று: ஆர்.ஓ. மெஷினை வராந்தாவில் வைத்துவிட்டு, சத்துணவுக் கூடத்தில் போர் தண்ணீரிலேயே சமைப்பது. சோறும் பருப்பும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது பாருங்கள். நல்ல தண்ணீர்க் குழாய் முதலில் சமையலறைக்குப் போகட்டும். காலை உணவும் அங்கேதான் என்றால் இரட்டிப்பு முக்கியம்.

#5 ஏரிமேட்டான்

ஆர்.ஓ. ஏற்கெனவே ஒருத்தர் வாங்கித் தந்தார். மூலையில் கிடக்கிறது.

#6 சின்னாறு

பத்தில் எட்டு அப்படித்தான். முன் ஃபில்டர் மாற்றாமல் மெம்பரேன் அடைத்திருக்கும், அல்லது கழிவு நீர்க் குழாய் எங்கும் போகாமல் தரையெல்லாம் ஊறி, யாரோ பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். கழிவு நீரை ஒரு 500 லிட்டர் தொட்டியில் பிடித்துக் கழிவறைக்கு விடுங்கள். மெஷின் வாங்கும்போதே மூன்று வருஷத்துக்கான பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

மழைத் தண்ணீரையும் விடாதீர்கள், அதில் ஃப்ளோரைடு அநேகமாக இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். இங்கே வருஷ மழை 850 மி.மீ. அளவில். கான்கிரீட் கட்டடத்தின் ஆயிரம் சதுர அடி 93 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று கழித்தாலும் 63,000 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்தால் 120 பிள்ளைகளுக்குக் குடிக்க மட்டும், தலைக்கு ஒன்றரை லிட்டர் வீதம், 55 நாள் வரும். முதல் மழை அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. 6 அங்குலக் குழாய் இரண்டரை மீட்டர் செங்குத்தாக நிறுத்தி, அடியில் மூடி போடுங்கள். சுமார் 45 லிட்டர் அதில் நின்ற பிறகுதான் மீதி தொட்டிக்குத் திரும்பும். மழை விட்டதும் மூடியைத் திறந்துவிட ஓர் ஆள் பேர் எழுதி ஒட்டுங்கள்.

#7 கைமரம்

ஓட்டுக் கட்டடத்துக்கு வருகிறேன். ஷீட் கட்சிக்காரர்கள் ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஷீட் கொட்டகைக்குள் அரை மணி உட்கார்ந்துவிட்டு வரட்டும். மழை பெய்தால் வாத்தியார் குரல் கேட்காது. ஓட்டுக் கூரையையே வையுங்கள்.

ஓடு ஒழுகுகிறது என்றால் ஓட்டைக் குறை சொல்லாதீர்கள். முக்கால்வாசி, ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம் (ரீப்பர்) உளுத்துக் கீழே தொய்ந்திருக்கும். ஓட்டோடு ஓடு மாட்டும் விளிம்பு (பூட்டு) விலகி அந்தச் சந்தில் தண்ணீர் இறங்கும். எனவே உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் பக்கத்து ஓடு ஒழுகும்.

பார்க்கும் முறை: ஏணி போட்டு, கூரையைத் தாங்கும் சாய்வு மரம் (கைமரம்) சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். மரம் முதலில் கெடுவது அங்கேதான். நடுவில் பார்த்தால் தேக்கு தங்கம் மாதிரி இருக்கும். அரை அங்குலம் உள்ளே போனால் அந்த முனை போச்சு. முழு மரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கெட்டதை அறுத்துவிட்டு, நல்ல பாகத்தின் இரு பக்கமும் மூன்றடிப் பலகை வைத்து, அரை அங்குல போல்ட் நான்கு போட்டு முடுக்கலாம்.

அளவு: சுவர் ஒன்றரை அடி, இரண்டு பக்கம் இறவாணம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை) இரண்டிரண்டு அடி என்று வைத்தால் கூரையின் தரையளவு 65-க்கு 27. சாய்வு 30 பாகை என்றால் சரிவளவில் சுமார் 2,030 சதுர அடி. நூறு சதுர அடிக்கு 140 ஓடு. மொத்தம் 2,850. ரீப்பர் 2-க்கு 1 அங்குலம், பன்னிரண்டரை அங்குல இடைவெளியில், ஒரு பக்கம் 16 வரிசை. இரண்டு பக்கமும் சேர்த்து 2,100 அடி. இந்த இடைவெளியைக் கண்ணால் அடிக்க விடாதீர்கள். உங்கள் ஓட்டை இரண்டு வரிசை தரையில் அடுக்கி, பூட்டு சரியாக உட்காரும் தூரத்தை அளந்து, அதே நீளத்தில் ஒரு மரத்துண்டு வெட்டி மேஸ்திரி கையில் கொடுங்கள். இறவாணத்தில் முதல் ரீப்பர் மட்டும் தடிமன் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் ஓடு தலை கவிழும்.

பிரிக்கும்போது ஒரு பக்கத்தை முழுசாகப் பிரித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். காய்ந்த ஓடே ஏழெட்டு டன். ஒரு பக்கம் மட்டும் பாரம் நின்றால் சட்டமே சாயும். மோட்டிலிருந்து (கூரை உச்சியிலிருந்து) கீழே, இரு பக்கமும் ஒரே அளவில் இறங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திறக்கவும் வேண்டாம். 20 அடி பிரி, ரீப்பர் அடி, ஓடு போடு, அடுத்த 20. மே மாதம் மத்தியானம் வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு சூறைக்காற்றோடு கோடை மழை இறங்கும். தார்ப்பாய் கட்டடத்து அளவுக்கு எப்போதும் தயாராக இருக்கட்டும்.

#8 கோப்புக்கட்டு

» கெட்டதை அறுத்துவிட்டு

அந்தத் துண்டும் அரசுச் சொத்து. இறக்கிய மரம், ஓடு, பழைய கதவு எதையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, அடுப்புக்குக்கூட. எண்ணி எழுதி ஒன்றியத்திடம் ஒப்படைக்கணும், ஏலம் விடுவது அவர்கள் வேலை. தேக்கு என்றால் கூடுதல் கவனம். புகார் முதலில் இதில்தான் வரும்.

நீங்கள் வாங்கித் தரும் ஃபேன், பெஞ்சு, மெஷின் எல்லாம் பள்ளியின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அன்றே ஏறட்டும். ஏறாத பொருளுக்குத் தணிக்கையில் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

#9 மலையடி

ஓடு நல்லதுதான், ஆனால் பென்னாகரம், தொப்பூர்ப் பக்கம் குரங்குக்கு என்ன செய்வது? ஒரு கூட்டம் ஏறி இறங்கினால் முப்பது ஓடு காலி. அதனால்தான் ஷீட் கேட்கிறார்கள், வெயில் தெரியாமல் இல்லை.

#10 கைமரம்

நியாயம். மங்களூர் ஓட்டின் அடியில் கம்பி கட்ட ஒரு துளையுள்ள முண்டு இருக்கும், பெரும்பாலும் யாரும் கட்டுவதில்லை. இறவாணத்து இரண்டு வரிசையும் பக்க ஓரங்களும் ரீப்பரோடு ஜி.ஐ. கம்பியால் கட்டினால் காற்றுக்கும் தாங்கும், குரங்கு புரட்டுவதும் குறையும். கூரைமேல் சாய்ந்த கிளையை வெட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். 200 ஓடு எப்போதும் உபரியாக அடுக்கி வையுங்கள். இதற்கு மேல் காட்டோரப் பள்ளி என்றால் ஷீட் போட்டு அடியில் சீலிங் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன்.

#11 சுண்ணாம்புக்காளவாய்

சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் காலக் கருங்கல் சுவர் அநேகமாக மண்ணிலோ சுண்ணாம்பிலோ கட்டியது. கல்லுக்குக் கல் இடைவெளியில் ஒரு ஆணியால் கிளறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சிமெண்ட் பாயிண்டிங் பூசாதீர்கள். சிமெண்ட் வாயை அடைத்துவிடும். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்பக்கப் பூச்சைத் தள்ளும். மூன்றாவது மழையில் பூச்சு ஊதி, உப்புப் பூத்து, பெயிண்ட் பத்தை பத்தையாக உரியும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். வெளியே ரோடு, திண்ணை, சிமெண்ட் தளம் என்று போட்டுப் போட்டு வெளித்தரை வகுப்பறைத் தரைக்கு மேலே வந்திருக்கும். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மண்ணை இறக்கி, உள்தரைக்கு ஓரடி கீழே கொண்டுபோய், தண்ணீர் விலகி ஓடச் சாய்வு கொடுங்கள். இதற்கு ஒருநாள் ஜேசிபி போதும் என்பார்கள். வேண்டாம். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டிதான்.

பூச்சு: நீற்றிய சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் கிடக்க விடணும். நீறாத துகள் இருந்தால் பூசின பிறகு சுவரிலேயே நீறி, பட்டாணி பட்டாணியாகத் தெறிக்கும். கடுக்காயை உடைத்து ஒரு வாரம் ஊறவைத்த தண்ணீரும் கொஞ்சம் வெல்லமும் சேர்ப்பது பழைய முறை. பிடிப்பு கூடும், ஆனால் வெல்லத்தை அள்ளிக் கொட்டினால் எறும்புதான் வரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லையா, சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. எம்-சாண்டில் (கான்கிரீட்டுக்கான செயற்கை மணல்) பூசாதீர்கள், பூச்சுக்கான பி-சாண்ட் கேளுங்கள். கைப்பிடி எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். மேலே சேறு தடிமனாக நின்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். கிரஷர் தூசு கலந்த மணலில் பூசினால் கோழிக்கால் மாதிரி வெடிப்பு விடும்.

இந்தச் சுவருக்கு எமல்ஷன் பெயிண்டும் ஆகாது. வெள்ளையடியுங்கள்.

#12 கம்பிகட்டி

இதெல்லாம் இருக்கட்டும். கம்பி தெரிகிற சீலிங்குக்கு அடியில் இன்றைக்கு வகுப்பு நடக்கிறதென்றால், நாளைக்கே பிள்ளைகளை வராந்தாவுக்கு மாற்றச் சொல்லுங்கள். தீர்மானம், டெண்டர் எதற்கும் காத்திருக்காதீர்கள்.

அடுத்து, நீளக் கம்பால் சீலிங் முழுக்கத் தட்டணும். நல்ல கான்கிரீட் 'டங்' என்னும், விட்டுப்போனது 'டொப்' என்னும். டொப் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டம் என்றால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கணும்.

பழுதுபார்ப்பு: ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, பெயர்ந்ததைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி எடுக்கணும். பலரும் கம்பியின் முகத்தை மட்டும் சுத்தம் செய்து பூசிவிடுவார்கள், முதுகில் இருக்கும் துரு இரண்டு வருஷத்தில் மறுபடி தள்ளும். வயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பு வந்ததும் கம்பியின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆனாலே கிட்டத்தட்டக் கால்வாசிப் பலம் போய்விட்டது, பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டணும். அப்புறம் துத்தநாக பிரைமர், பிடிப்புப் பூச்சு, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே பாலிமர் கலந்த கலவை. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் அப்பினால் விழும்.

ஆனால் மேலே ஒழுகுவதை நிறுத்தாமல் கீழே பூசுவது வீண். மொட்டைமாடியில் பழைய சுருக்கித் தளம் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டது) வெடித்திருக்கும். அதன் மேலேயே இன்னொரு மூன்று அங்குலம் போடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வார். ஆயிரம் சதுர அடிக்கு 12 டன் கூடுதல் பாரம் அது. துருப்பிடித்த கம்பி தாங்காது. பழையதை முழுக்க எடுத்துவிட்டு, 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு. மரக்கட்டையால் அடித்துக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு. சாய்வு நூறுக்கு ஒன்றாவது இருக்கணும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வளைவாகப் பூசணும், ஒழுக்கு தொடங்குவதே அந்த மூலையில்தான். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் அரசஞ்செடி முளைத்திருந்தால் பிடுங்கினால் போதாது. தண்டு அறுந்து வேர் உள்ளேயே இருக்கும். இரண்டு செங்கல்லைப் பிரித்தெடுத்துத்தான் வேரை எடுக்கணும்.

#13 பாசனவாய்

கழிவறைக்கு நாடு முழுக்கச் சொல்லும் கணக்கு: 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பிடம், மூன்று சிறுநீர்க் கோப்பை. 120-இல் பாதிப் பெண்கள் என்றால் அவர்களுக்கு இரண்டு, பையன்களுக்கு இரண்டு. புதிதாகக் கட்டக் கிளம்பாதீர்கள், இருப்பதற்குத் தண்ணீர் கொண்டுவாருங்கள். 1,000 லிட்டர் தொட்டி மேலே, ஒவ்வோர் அறைக்குள்ளும் குழாய். வெளியே ஒரு குழாய், உள்ளே வாளி என்ற ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்காது.

கதவு ஃபைபராக இருக்கட்டும். இரும்புத் தகடு அடியிலிருந்து துருப்பிடிக்கும். தாழ்ப்பாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இரண்டேமுக்கால் அடியில் ஒன்று. தரைச் சாய்வு ஐம்பதுக்கு ஒன்று. 4 அங்குலக் குழாய் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் ஆய்வுத் தொட்டி. கல், பென்சில், சாக்பீஸ் எல்லாம் உள்ளே போகும், அடைப்பு எடுக்க வழி வேண்டும். பெண்கள் பக்கம் நாப்கின் போட மூடிய கூடையும் உள்ளேயே ஒரு கொக்கியும். துணி, பை மாட்ட இடம் இல்லாததால் பெரிய வகுப்புப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள்.

சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம் யார் தருவது? 8 லட்சத்தில் இதற்கென்று தனியாக எடுத்து வைக்காத எந்தத் திட்டத்தையும் நான் நம்ப மாட்டேன்.

#14 ஸ்மார்ட்வாத்தி

ஸ்மார்ட் கிளாஸை எல்லாரும் கேலி செய்கிறீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைப்பதே அதுதான் இப்போது. பக்கத்தில் தனியார் வேன் வந்து நிற்கிறது.

#15 கம்பிகட்டி

கேலி இல்லைங்க, வரிசைதான். ஒழுகும் அறையில் மாட்டினால் ஒரு மழைக்காலம். அதற்கு முன் வயரிங். பழைய வயர் எடுத்துவிட்டு லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கணும். ஈரச் சுவர், பிள்ளைகள் கை, உடைந்த சுவிட்ச் — இதில் சிக்கனம் பார்க்க முடியாது. ஜன்னலுக்குக் கம்பியும் கதவுக்கு நல்ல பூட்டும் போட்ட பிறகு போர்டு வாங்குங்கள்.

#16 கல்கால்

காம்பவுண்டுக்குச் சுவர் எழுப்பினால் மொத்தப் பணமும் அதிலேயே போய்விடும். நம்ம பக்கம் கல்லுக்குப் பஞ்சமா? ஏழடிக் கல்கால், இரண்டடி மண்ணுக்குள், எட்டடிக்கு ஒன்று, செயின்லிங்க் வலை. முள்கம்பி பள்ளிக்கு வேண்டாம். மூலைக் காலுக்கு இரண்டு பக்கமும் சாய்வு முட்டு கொடுக்கணும், மறந்தால் வலையை இழுத்துக் கட்டும்போது கால் உள்ளே சாயும். அதற்கு முன் சர்வேயரை வைத்து எல்லை அளந்துவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் மாமன் மச்சானாக இருந்தாலும்.

#17 வரவுசெலவு

ஆள் விஷயம்: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரைதான் பள்ளி காலி. அதே நேரம் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் பறிப்பும் கூழ் ஃபேக்டரியும் ஆளை இழுக்கும். மார்ச்சிலேயே மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்துத் தேதி பிடியுங்கள். ரீப்பர், ஓடு, சுண்ணாம்பு எல்லாம் ஏப்ரல் 20-க்குள் இறங்கியிருக்கணும்.

கல்வெட்டு பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். கரும்பலகையைவிடப் பெரிய கல்வெட்டு வைத்த பள்ளிகள் உண்டு. பேர் பட்டியலை ஆபீஸ் ரூம் சுவரில் ஒரு சட்டத்துக்குள் மாட்டினால் போதும், தொகை போட வேண்டாம். 500 கொடுத்தவரும் 50,000 கொடுத்தவரும் ஒரே எழுத்தளவில்.

#18 ஏரிமேட்டான்

எல்லாருக்கும் நன்றி. தலைமையாசிரியரிடம் பேசியாச்சு, வகுப்பு இன்றைக்கே வராந்தாவுக்கு மாறிவிட்டது. தண்ணீர் சாம்பிள் நாளைக்கு ஆய்வகத்துக்குப் போகிறது. இடிக்கும் பட்டியலில் கட்டடம் இல்லை என்று ஒன்றிய அலுவலகத்தில் சொன்னார்கள், எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

கைமரம் அண்ணா, ஒரே கேள்வி. ஏணி போட்டு எண்ணிப் பார்த்ததில் சுமார் 900 ஓடு உடைந்தோ விரிந்தோ இருக்கிறது. புது ஓடு எந்தக் கம்பெனியானாலும் பரவாயில்லையா? நீளம் பதினாறு, அகலம் ஒன்பதேகால் அங்குலம் வருகிறது.

#19 கைமரம்

அளவு ஒன்றாக இருந்தாலும் பூட்டு ஒன்றாக இருக்காது. ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கம்பெனிப் பேரோ முத்திரையோ பதித்திருக்கும். பழைய கம்பெனி இப்போது மூடியிருக்கலாம். அதனால் நல்ல பழைய ஓடு இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். புது ஓட்டைப் பக்கத்தில் பூட்டிப் பார்த்து, ஆட்டினால் கடகடவென்று ஆடக் கூடாது. சேரவில்லை என்றால் பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். பழசு முழுக்க ஒரு சரிவில், புதுசு முழுக்க மறு சரிவில். உங்களிடம் நல்லது 1,950 இருக்கிறது, ஒரு சரிவுக்கு 1,425 போதும். மீதி 500 உபரியாக அடுக்கி வையுங்கள். அப்படியானால் புதுசு 900 போதாது, மறு சரிவு முழுக்க 1,425, உடைசலுக்கு நூறு. மழைச்சாரல் அதிகம் அடிக்கும் பக்கத்துக்குப் புதுசு.

வாங்கும்போது பத்து ஓட்டைத் தட்டிப் பாருங்கள், மணிச் சத்தம் வரணும். மந்தமாகக் கேட்டால் சூளையில் வேகவில்லை.

மோட்டு ஓடு 55 தனியாகச் சொல்லுங்கள். அதை மறந்துவிட்டுத்தான் இரண்டாவது தடவை வண்டி வாடகை கொடுப்பார்கள்.